சிட்டுவுக்கு ஆங்கிலம்தான் புரியுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஏழு மாதப் பொமரேனியன் வளர்கிறது. பெயர் சிட்டு. பயிற்சியாளர் ஒருவர் வாரம் இருமுறை வருகிறார். ‘நாய்க்கு ஆங்கிலத்தில்தான் கட்டளை தர வேண்டும், இரண்டு மொழி கலந்தால் குழம்பிவிடும், வீட்டில் யாரும் தமிழில் சொல்லக் கூடாது’ என்கிறார். ஆனால் பகல் முழுவதும் சிட்டுவுடன் இருப்பவர் ஆங்கிலம் தெரியாத என் மாமியார். ‘என் வீட்டு நாயிடம் பேச நான் டியூஷன் போக வேண்டுமா?’ என்று கோபித்துக்கொண்டு அதனுடன் பேசுவதையே நிறுத்திவிட்டார். நாய் ‘சிட்’ சொன்னால் மட்டும் உட்காருகிறது. மற்றபடி சொல் பேச்சு கேட்பதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூட வராமல், இருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு மொழியில் பழக்கலாமா, கூடாதா?
– வாசகி ஒருவர், ஈரோடு.

பதில்: தாராளமாகப் பழக்கலாம். உங்கள் அத்தையின் கோபம் முழுக்க நியாயமானது. பொமரேனியா என்பது பால்டிக் கடலோரத்தில், இன்றைய போலந்திலும் ஜெர்மனியிலுமாகப் பரந்து கிடக்கும் நிலப்பகுதி. அந்த ஊர்ப் பெயரைச் சுமக்கும் நாயின் மூதாதையர் ஆங்கிலம் கேட்டு வளர்ந்திருக்க வழியில்லை. (நம் ஊரில் பொமரேனியன் என்று விற்கப்படும் நாய்களில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் என்ற வேறு இனம். அது தனிக் கதை.)

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு புகார் எழுதியிருக்கிறீர்களே, விஷயமே அதில்தான் இருக்கிறது. ‘சிட்’ என்ற ஒலி கேட்டால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் தின்னக் கிடைக்கும் என்று அந்த நாய்க்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். ‘சிட்டு’ என்று கூப்பிடுகிறீர்கள். உட்காருகிறது. இதைவிடக் கீழ்ப்படிதலுள்ள நாய் எங்கே கிடைக்கும்? வாரம் இருமுறை வந்து போகும் பயிற்சியாளர் காதில் இது எப்படி விழாமல் போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டில் உள்ள ஆய்வாளர்கள், நாய்களின் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்து 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பழகிய கட்டளையையும், அதோடு ஒட்டே இல்லாத பொருளற்ற சொல்லையும் நாயின் மூளை வேறுபடுத்தியது. ஆனால் கட்டளைச் சொல்லில் ஓர் ஒலியை மட்டும் மாற்றிச் சொன்னபோது அந்த வேறுபாடு தென்படவில்லை. இப்போது உங்கள் வீட்டில் புழங்கும் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ‘வா’வும் ‘தா’வும் ஓர் ஒலியில்தான் பிரிகின்றன. அதட்டும் ‘நோ’வும் விரட்டும் ‘போ’வும் அப்படியே. ஆங்கிலமோ தமிழோ, ஒன்றின் சாயல் இன்னொன்றில் விழாத சொற்களாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘தா’ வேண்டாம், ‘கொடு’ என்று சொல்லுங்கள். ‘நோ’வுக்குப் பதில் ‘வேண்டாம்’. ‘சிட்’டை மெல்ல ஓய்வுகொடுத்து அனுப்பிவிடுங்கள், நாயின் பெயரை மாற்றுவதைவிட அது எளிது.

சொற்கள் அதிகமானால் நாயின் தலை தாங்காது என்ற பயமும் வேண்டாம். அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் ஜான் பில்லி என்ற உளவியல் பேராசிரியர் வளர்த்த சேசர் என்ற பார்டர் கோலி இன நாய், 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் எடுத்துவந்தது. அது தினமும் மணிக்கணக்காக மூன்று ஆண்டுகள் உழைத்த உழைப்பு. நாயும் வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட இனம். அதையெல்லாம் நமக்கு அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டாம். கனடா ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களைக் கேட்டுக் கணக்கெடுத்து 2022இல் வெளியிட்டார்கள். தங்கள் நாய் சராசரியாக 89 சொற்களுக்கும் தொடர்களுக்கும் எதிர்வினை காட்டுவதாக அவர்கள் சொன்னார்கள். பெற்றவர் பெருமையென்று பாதியைத் தள்ளினாலும் நாற்பதுக்கு மேல் மிஞ்சும். உங்களுக்கு வேண்டியவை பத்துக் கட்டளைகள். இரண்டு மொழியில் என்றால் இருபது.

பிறகு ஏன் ஆங்கிலத்தில் சொன்னால் கேட்கிறது, தமிழில் சொன்னால் கேட்பதில்லை? ஆங்கிலத்தில் நாம் கஞ்சர்கள். ‘சிட்’ என்றால் ‘சிட்’தான், அதற்கு மேல் நமக்கு வராது. தமிழுக்கு மாறினால் வாய் திறந்துகொள்கிறது. ‘உட்கார்’, ‘உட்காரு’, ‘உட்காருடா செல்லம்’, ‘கொஞ்சம் உட்காரேன்’, ‘உட்காரப் போகிறாயா இல்லையா?’ எல்லாம் ஒரே பொருள் என்பது நமக்குத் தெரியும். சிட்டுவின் காதில் விழுவதோ ஐந்து வெவ்வேறு ஓசைகள். அவற்றில் எதற்குப் பின்னால் தின்பண்டம் வரும் என்று அது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆங்கிலத்தில் காட்டும் அதே கஞ்சத்தனத்தைத் தமிழிலும் காட்டுங்கள், போதும். கொஞ்சுவதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். கட்டளை நேரத்தில் ‘உட்கார்’ என்ற ஒரு சொல், ஒரே தொனி, ஒரே முறை.

நாய் சிறியதாக இருந்தால் இந்த ஒழுங்கு இன்னும் தளர்ந்துவிடுகிறது. வியன்னாவில் நாய் வளர்ப்போரிடம் விசாரித்து 2010இல் வெளியான ஆய்வு ஒன்று, பெரிய நாய் வைத்திருப்பவர்களைவிடச் சிறிய நாய் வைத்திருப்பவர்கள் நடத்தையில் சீரில்லாமல் இருக்கிறார்கள் என்றது. அவர்களுடைய நாய்கள் கீழ்ப்படிவதும் குறைவாம். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். ஜெர்மன் ஷெப்பர்ட் மேலே தாவினால் வீடே சேர்ந்து திருத்தும். மூன்று கிலோ பொமரேனியன் தாவினால் படம் எடுக்கிறோம்.

ஏற்கெனவே தெரிந்த ‘சிட்’டிலிருந்து ‘உட்கார்’ என்பதற்குப் போக ஒரு வழி உண்டு. வரிசை முக்கியம். புதிய சொல் முதலில் வர வேண்டும். அத்தை ‘உட்கார்’ என்று சொல்லிவிட்டு ஒரு நொடி சும்மா இருக்கட்டும். பிறகு ‘சிட்’. இந்த ஒரு சொல்லைச் சொல்ல டியூஷன் தேவைப்படாது. முதல் சில நாட்கள் நீங்கள் பக்கத்தில் நின்று சொன்னாலும் சரி. நாய் உட்கார்ந்ததும் தின்பண்டம். இப்படிப் பல தடவை நடந்த பிறகு, இரண்டாவது சொல்லுக்குக் காத்திராமல் முதல் சொல்லிலேயே பின்புறம் தரையைத் தொடும். அன்றோடு ‘சிட்’டை விட்டுவிடலாம். வரிசையை மாற்றி ‘சிட், உட்கார்’ என்றால் நாய் முதல் சொல்லிலேயே உட்கார்ந்துவிடும். இரண்டாவதைக் கவனிக்க அதற்கு எந்தத் தேவையும் இல்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொன்னாலும் புதிய சொல் பழையதன் நிழலில் மறைந்து போகும். ‘இரண்டு மொழி குழப்பும்’ என்று பலர் சொல்வது இந்தத் தவறான வரிசையைப் பார்த்துத்தான்.

கைகளையும் கவனியுங்கள். நாய் நம் வாயைவிடக் கையைத்தான் அதிகம் நம்புகிறது. நூறாண்டுகளுக்கு முன் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போட்டு விடையைக் குளம்பால் தட்டிக் காட்டுகிறது என்று ஊரே திரண்டு வேடிக்கை பார்த்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907இல் அதன் குட்டை உடைத்தார்: கேள்வி கேட்டவரின் தலை அசைவைப் பார்த்து, குளம்பைத் தட்டுவதை நிறுத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கேட்டவருக்கே தான் தலையசைப்பது தெரியவில்லை. சிட்டுவுக்குத் தமிழ் வந்துவிட்டது என்று அறிவிப்பதற்கு முன், அத்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிஸ்கட் டப்பாவைப் பார்க்காமல் ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும்.

‘கம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அத்தை பழைய வழக்கப்படி ‘தோ... தோ... தோ...’ என்று கூப்பிடட்டும் என்பேன். பழமை மீதுள்ள ஏக்கத்தால் சொல்லவில்லை. பட்ரிசியா மெக்கானல் என்ற அமெரிக்க ஆய்வாளர், பல மொழிகளில் விலங்குகளைப் பழக்குவோரின் குரல்களைப் பதிவு செய்து ஒப்பிட்டார். விலங்கை வரவழைக்கவும் விரைவுபடுத்தவும் குறுகிய ஒலிகளை அடுக்கிச் சொல்கிறார்கள். நிறுத்தவும் அமைதிப்படுத்தவும் ஒரே ஒலியை நீட்டுகிறார்கள். நம் ஏரோட்டிகள் மாட்டைக் கிளப்ப ‘ஹை ஹை’ என்பதும், நிறுத்த ‘ஓ...’ என்று இழுப்பதும் இதே கணக்கு. உங்கள் அத்தை சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை.

ஒரே ஒரு சொல்லை மட்டும் வீட்டில் எல்லோரும் ஒன்றுபோலச் சொல்ல வேண்டும்: கேட் திறந்திருக்கும்போது, தெருவில் வண்டி வரும்போது நாயை நிறுத்தும் சொல். அது தமிழாக இருக்கட்டும். பகலில் வீட்டில் இருப்பவர் வாயில் தடுமாறாமல் வருவதாக இருக்கட்டும். அதை விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது. நாய் கேட்டுவிட்டால், கிடைப்பதில் சிறந்த தின்பண்டம் அதற்குத்தான்.

தின்பண்டம் என்றதும் முழு பிஸ்கட்டை நீட்டாதீர்கள். இந்த உடம்புக்குப் பொட்டுக்கடலை அளவு துண்டே ஏராளம். பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் சாக்லேட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. நாய்க்கு அவை நஞ்சு.

பயிற்சியாளரை நிறுத்திவிடச் சொல்லவில்லை. மீதமுள்ள வகுப்புகளை நாய்க்கு எடுக்காமல் உங்கள் வீட்டாருக்கு எடுக்கச் சொல்லுங்கள். யார் எந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டச் சொல்லுங்கள், தமிழில்.