டாக்டர் பதில்கள்: வேலைச் சட்டையோடு வீட்டுக்கு வரும் ஈயம்

கேள்வி: என் கணவர் பழைய வண்டி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடத்தில் வேலை செய்கிறார். எங்கள் 2 வயது மகளின் ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம் இருக்கிறதாம். ஆனால், நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடியாடுகிறாள். ரத்தத்தைச் சுத்தப்படுத்த மருந்து கொடுக்கலாமா? நான் இப்போது 3 மாதக் கர்ப்பிணி.

பதில்: ஓடியாடுகிறாளே என்று இருந்துவிடாதீர்கள் அம்மா. இந்த அளவில் ஈயம் வெளியே எதையும் காட்டாமலே இருக்கலாம். அது கை வைப்பது வளரும் மூளையில். ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர், குழந்தைகளுக்கு விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றில் இருந்த ஈயத்தை அளந்தார். பற்களில் ஈயம் மிகுந்திருந்த பிள்ளைகளுக்கு நோய் என்று எதுவும் தெரியவில்லை. ஆனாலும் அறிவுத்திறன் தேர்வில் பின்தங்கினார்கள், வகுப்பில் கவனம் சிதறினார்கள். 1979-ல் அதை வெளியிட்டார்.

ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து உண்டு. பொதுவாக 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் போனால்தான் கொடுப்போம். 20 முதல் 44 வரை இருந்த குழந்தைகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001-ல் வந்தது. ரத்தத்தில் ஈயம் குறைந்தது, அறிவுத்திறன் கூடவில்லை. ரத்தசுத்தி என்று விற்கும் பொடி எதையும் தயவுசெய்து வாங்காதீர்கள். அப்படிப்பட்ட சில பொடிகளிலேயே ஈயம் இருந்திருக்கிறது.

5 மைக்ரோகிராமைத் தொட்டாலே, ஈயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் வீட்டில் எனக்கு முதல் சந்தேகம் கணவரின் சட்டை, தலைமுடி, செருப்பில் ஒட்டிவரும் தூசி மேல்தான். குழந்தை தரையில் தவழ்ந்து விரலை வாயில் வைக்கிறது. வயிற்றுக்குள் போன ஈயத்தில் பெரியவர்களைவிட 4, 5 மடங்கு அதன் உடம்பில் சேரும். கணவர் வேலையிடத்திலேயே குளித்து, உடை மாற்றிவிட்டு வரட்டும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவையுங்கள். வீட்டைப் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். சாப்பிடும் முன் மகளின் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடல் ஈயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். அவளுக்கு ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஓரிரு மாதத்தில் மறுபடி அளந்தால் போக்கு புரியும்.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு அதுதான் அதிகக் கவலை. எலும்பில் வருடக்கணக்கில் தங்கிய ஈயம், கர்ப்ப காலத்தில் கால்சியத்தோடு சேர்ந்து ரத்தத்துக்கு வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது. இந்த வாரமே உங்கள் ரத்தத்தையும் கணவர் ரத்தத்தையும் பரிசோதியுங்கள். முடிவை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, கால்சியம், இரும்பு மாத்திரைகளின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.