“நான் என்ன கட்டுமானத் தொழிலாளியா?” – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூரில் வங்கி ஒன்றில் தகவல் தொழில்நுட்ப மேலாளராக இருக்கிறேன். சென்ற வாரம் வாடகை, முன்பணம் எல்லாம் பேசி முடித்து, மனைவி, கைக்குழந்தையுடன் வீடு பார்க்கப் போனேன். புளோக்கின் கீழ்த்தளத்தில் நிற்கும்போது முகவரிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: “உரிமையாளர் இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லையாம், மன்னிக்கவும்.” நான் என்ன கட்டுமானத் தொழிலாளியா? ஐந்திலக்கச் சம்பளம் வாங்குகிறேன். தமிழர் அதிபராக இருக்கும் நாட்டில் இது நடக்கலாமா? பணமும் புகழும் இருந்தால் இதிலிருந்து தப்ப முடியுமா?

க., பொங்கோல்

அன்புள்ள க.,

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உங்கள் மனைவி அங்கே நின்றதை நினைத்தால் வயிறு எரிகிறது. அவரிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

தப்ப முடியாது. ஹார்வர்டு பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் 2009 ஜூலையில் சீனப் பயணம் முடித்து வீடு திரும்பினார். திறக்க வராத கதவைத் தள்ளித் திறந்ததைப் பார்த்து யாரோ திருடன் என்று போலீசை அழைக்க, சொந்த வீட்டு வாசலில் கைதானார். நம் அப்துல் கலாம் 2011இல் நியூயார்க்கில் விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவருடைய கோட்டையும் காலணியையும் சோதனைக்காகக் கழற்றி வாங்கிப் போனார்கள். பிறகு கேட்ஸை ஒபாமா வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். கலாமிடம் அமெரிக்கா வருத்தம் தெரிவித்தது. புகழ் அடியைத் தடுப்பதில்லை, அடி விழுந்த பிறகு ஆறுதல் சொல்ல ஆள் சேர்க்கிறது. அவ்வளவுதான்.

2023 அதிபர் தேர்தலில் தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்கு பெற்றபோது நானும் மகிழ்ந்தேன். ஆனால் வாக்களிப்பது வேறு, சொந்த வீட்டின் சாவியைக் கொடுப்பது வேறு. அதை இத்துடன் விடுவோம்.

என்னைத் தூங்கவிடாதது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. “நான் என்ன கட்டுமானத் தொழிலாளியா?” என்று கேட்டிருக்கிறீர்களே, ஆமாம் என்றால் அந்தக் குறுஞ்செய்தி சரியாகிவிடுமா?

2008இல் சிராங்கூன் கார்டன்ஸில் வெளிநாட்டு ஊழியர் விடுதி வரப்போகிறது என்றதும் குடியிருப்பாளர்கள் மனு எழுதிக் கையெழுத்து சேர்த்தார்கள். கடைசியில் விடுதி வந்தது, ஊழியர்கள் வீடுகளுக்கு நடுவே புழங்காதபடி தனிச்சாலையுடன். அந்த மனுவில் கையெழுத்திட்ட தமிழ் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு, வசதியான மருத்துவர். வீட்டு விலை இறங்கிவிடும், பெண்பிள்ளைகள் நடமாட முடியாது என்றார். சில ஆண்டுகள் கழித்து ஒரு விடுமுறை நாளில் அரைக்கால் சட்டையோடு தன் வீட்டு இரும்புக் கதவுக்கு அவரே சாயம் பூசிக்கொண்டிருந்தார். காரில் வந்த ஒருவர் கண்ணாடியை இறக்கி, “என் வீட்டுக்கும் பூச வேண்டும், எவ்வளவு கேட்பாய்?” என்றாராம். விரலிடுக்கில் பச்சைச் சாயம் காயாமலே என் வீட்டுக்கு ஓடி வந்தார். “என்னைப் போய் வேலைக்காரன் என்று நினைத்துவிட்டான்!” அவர் கத்தியது முழுக்க அந்த ஒரு வரிதான். சாயம் பூசுகிறவனை அப்படிக் கூப்பிடலாமா என்ற கேள்வி அவருக்குக் கடைசிவரை எழவே இல்லை.

உங்களுக்கும் எழவில்லை, க. உங்களைத் தவறான வரிசையில் நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் உங்கள் வழக்கு. அப்படி ஒரு வரிசை இருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை. நீங்கள் வேலை பார்க்கும் கட்டடத்தை எழுப்பியவர்களில் நம் புதுக்கோட்டைக்காரனும் இருந்திருப்பான். அவன் இன்றும் லாரியின் பின்தட்டில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறான். 2020இல் தொற்றுப் பரவியபோது அவனை விடுதிக்குள் மாதக்கணக்கில் அடைத்து வைத்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதைக் கேட்டோம்? ரயிலில் அவன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டு வரும் தமிழர்களை நான் பார்க்கிறேன். உங்களுக்குக் கதவைச் சாத்தியவரிடம் இருப்பதும் இதே மனம்தான்.

இவ்வளவு திட்டினாலும் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் வாடகை வீட்டுக்குப் பொருந்தாது. ஆனாலும் அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். சொத்து முகவர்களைக் கண்காணிக்கும் அரசு மன்றத்துக்குப் புகார் எழுதுங்கள்; நானும் கூட இருந்து எழுதித் தருகிறேன். அதில் உங்கள் பட்டத்தையும் சம்பளத்தையும் குறிப்பிட வேண்டாம்.