வாசகர் கேள்வி பதில்: ரேகை தேய்ந்த கட்டைவிரல்

கேள்வி: என் பாட்டிக்கு வயது 78. நாற்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். வங்கியில் மலேசிய அடையாள அட்டையான மைகார்டைச் செருகிக் கட்டைவிரலை வைக்கும்போதெல்லாம் ரேகை பொருந்தவில்லை என்றே கருவி காட்டுகிறது. கோளாறு அட்டையிலா, விரலிலா? அடையாள அட்டைக்குள் கைரேகையை ஏன்தான் கொண்டுவந்தார்கள்?
- வாசகி, ஈப்போ

பதில்: கைரேகை நம் அடையாள அட்டைக்குப் புதிதன்று. 1948இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க மலாயாவில் அறிவித்த அவசரகாலத்தின்போது, 12 வயது நிரம்பிய அனைவரையும் பதிவு செய்து வழங்கிய காகித அட்டையிலேயே படத்தோடு பெருவிரல் ரேகையும் இருந்தது. உங்கள் பாட்டி சிறுமியாக முதன்முதலில் அட்டை எடுத்தபோதும் மையில் விரல் ஒற்றியிருப்பார். போலி அட்டைகளைத் தடுக்கவும் பல சேவைகளை ஒரே அட்டையில் இணைக்கவும் 2001இல் மைகார்டு அறிமுகமானபோது, ரேகை ஒரு மின்னணுச் சில்லுக்குள் பதிவானது.

சில்லில் இரு கட்டைவிரல்களின் ரேகைக் கோடுகள் பிரியும் இடங்களும் முடியும் இடங்களும் எண்களாகப் பதிவாகியுள்ளன. கருவி, வைத்த விரலை அந்தப் பதிவோடு மட்டுமே ஒப்பிடுகிறது. ஆண்டுக்கணக்கில் கத்தி பிடித்தும், பாலை உறைய வைக்கும் அமிலத்தில் புழங்கியும் தேய்ந்த விரலில், முதுமையால் தோலும் உலர்ந்து மெலிந்துவிட்டால், அந்தக் கோடுகள் கருவிக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை. எனவே பாட்டியின் விரலில் குற்றமில்லை. அது உழைப்பின் தழும்பு. எல்லார் விரலும் ஒன்றுபோல் இருக்கும் என்று எண்ணி, மாற்று வழி வைக்காமல் வங்கிச் சேவை முகப்பை நடத்துவோரையே நான் குறை சொல்வேன். இந்நாட்டின் ரப்பரை எடுத்துத் தந்த கைகளுக்கே இந்த நிலை வருவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

விரலைத் துடைத்துச் சற்றே ஈரப்பதம் ஏற்றி வைத்துப் பாருங்கள். ஒரு கட்டைவிரல் பொருந்தாவிட்டால் மற்றதை வைக்கச் சொல்லுங்கள். இரண்டும் பதிவில் உள்ளவையே. அப்போதும் முடியாவிட்டால், அடையாள அட்டை வழங்கும் தேசியப் பதிவு இலாகாவுக்கு அழைத்துச் சென்று, சில்லும் ரேகைப் பதிவும் சரியாக உள்ளனவா என்று சோதித்துத் தரக் கேளுங்கள். அதுவரை வங்கி முகப்பில் பாட்டியைத் திருப்பி அனுப்ப முற்பட்டால், மேலாளரை நேரில் சந்தித்து, அட்டையிலுள்ள படத்தையும் 12 இலக்க எண்ணையும் வங்கியின் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள்.