கதை சொல்லி என்ன வந்தது?

அன்புள்ள ஐயா,

காலநிலை மாற்றத்தின் இழப்பும் பொறுப்பும் நியாயமாகப் பங்கிடப்படவேண்டும் என்று, அதாவது காலநிலை நீதிக்காகப் பேசுவோர், பாதிக்கப்பட்ட ஊர்களின் கதைகளை அந்த ஊர்க்காரர் வாயாலேயே கேட்கவேண்டும் என்று சென்ற மாதம் எழுதியிருந்தீர்கள். நான் கொழும்புக்கு அருகே களனி ஆற்றை ஒட்டிய வெல்லம்பிட்டியில் பிறந்து வளர்ந்தவன். 2016 மே மாத வெள்ளத்தில் எங்கள் வீட்டில் தண்ணீர் யன்னல் மட்டத்துக்கு நின்றது. வடிந்த பிறகு ஒரு குழுவினர் வந்து உம்மாவை ஒரு மணித்தியாலம் பேசவைத்துப் பதிவுசெய்துகொண்டு போனார்கள். அது எங்கே போயிற்று என்று இன்றுவரை தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயலோடு களனி மறுபடி பெருகியபோது இன்னொரு குழு வந்தது. உம்மா கதவைத் திறக்கவில்லை. "கதை சொல்லிச் சொல்லி எங்களுக்கு என்ன வந்தது?" என்று என்னிடம் கேட்டார். அதையே உங்களிடம் கேட்கிறேன். வேண்டியது கணக்கும் சட்டமும் அல்லவா?

ம. ந., வெல்லம்பிட்டி

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் உம்மா கதவைத் திறக்காதது சரியென்றே நினைக்கிறேன். அப்படிச் சேகரித்த படங்களை மாட்டிய ஒரு கண்காட்சிக்கு நானும் போயிருக்கிறேன். குளிரூட்டிய மண்டபத்தில், இடுப்பளவு நீரில் நின்ற ஒரு பெண்ணின் படத்துக்குக் கீழே "பாதிக்கப்பட்ட பெண்" என்று மட்டும் எழுதியிருந்தது. படமெடுத்தவரின் பெயர் முழுதாக இருந்தது.

கதை சொன்னாலே நீதி வந்துவிடும் என்று நான் எழுதியதாகத் தோன்றியிருந்தால், அது என் எழுத்தின் பிழை. உங்கள் வீட்டுக்கு அருகிலேயே மீதொட்டமுல்லை இருக்கிறது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டார்கள். அங்கே குடியிருந்தவர்கள் அதற்கு முன்பே பல ஆண்டுகளாக நாற்றத்தையும் நோயையும் பற்றி முறையிட்டிருந்தார்கள், வீதியில் இறங்கிப் போராடியும் இருந்தார்கள். கொழும்பு முழுவதும் கொட்டிய குப்பையின் ஆபத்தை அவர்கள் மட்டும் சுமந்தார்கள் என்ற கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைக் கேட்டவர்களுக்கு மறுமொழி சொல்லும் கடமை ஏதும் இருக்கவில்லை.

ஆனாலும் கணக்கும் சட்டமும் போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. கணக்கு பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே தீப்பற்றி, ஜூனில் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து கொட்டிய பிளாஸ்டிக் குருணைகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின, மீன்பிடி தடைப்பட்டது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. இழப்பீட்டைப் பங்கிடும்போது, படகும் அனுமதிப்பத்திரமும் உள்ளவரின் பெயரை ஏட்டில் கண்டுபிடிப்பது எளிது. கரையில் கருவாடு காயப்போட்டவர், வலை பொத்தியவர், ஐஸ் உடைத்துக் கொடுத்தவர், கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்ற பெண் ஆகியோர் எந்த ஏட்டில் இருப்பார்கள்? விடியற்காலையில் படகு கரைசேர்ந்ததிலிருந்து அந்த மீன் யார் யார் கைமாறி எந்த வீட்டு அடுப்புக்குப் போனது என்பதை அந்தக் கரையில் வாழ்பவர் ஒருவர் வரிசையாகச் சொன்னால், இழந்தவர்களின் பட்டியல் நீளும். கணக்காளருக்குப் பிடிபடாத ஆட்களைக் கணக்குக்குள் கொண்டுவரும் அந்த வேலைக்காகத்தான் எனக்குக் கதை வேண்டும். இரக்கத்தைக் கிளறும் கதைகள் நம்மிடம் ஏற்கெனவே தேவைக்கு அதிகமாக இருக்கின்றன.

நிலக்கரியை விட்டுப் பசுமை வழிக்குப் போகும் பொருளாதார மாற்றத்திலும் இதே சிக்கல்தான். நுரைச்சோலையின் 900 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்தை நம்பியிருக்கும் நாட்டுக்குக் காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் 30 காற்றாலைகளோடு தம்பபவனி என்ற காற்றுமின் நிலையம் திறக்கப்பட்ட பிறகு, மழைநீர் வடியாமல் நிற்கிறது, மீன் குறைந்துவிட்டது என்று தீவின் மக்கள் சொல்லிவந்தார்கள். 2025இல் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தொடர்ந்து போராடினார்கள். மீன் குறைந்ததற்குக் காற்றாலைதான் காரணம் என்று ஒரு மீனவர் சொல்வதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதையும் சொல்லவேண்டும். அவருடைய சொல் ஆராய்ச்சிக்கு முடிவாகாது; ஆனால் ஆராயாமல் விடுவதற்கான உரிமையை அதிகாரிகளிடமிருந்து அது பறிக்கவேண்டும். மாரியில் வெள்ளம் எந்த வழியால் கடலுக்குப் போகும் என்று அறிந்த கிழவரிடம், கோபுரம் நட்டபின் போய் ஒலிவாங்கியை நீட்டுவதில் என்ன பயன்?

2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடைசெய்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைக் கைவிட்டதையும் நாம் பார்த்தோம். பசுமை என்ற சொல் மேலிருந்து உத்தரவாக இறங்கியபோது, நெல் விதைத்தவரும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரும் அதன் விலையைக் கொடுத்தார்கள். போகத்துக்கு முன்பே ஒரு கமக்கார அமைப்பின் கூட்டத்தில் ஒரு மாலை உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

உங்கள் உம்மாவிடம் நான் வேண்டுவது எளியது. யாரும் வரக் காத்திராமல், நீங்களே அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்: தண்ணீர் எந்தத் திகதி, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால் ஏறியது; சுவரில் படிந்த கோடு தரையிலிருந்து எத்தனை அடி; எந்தப் பொருள் போயிற்று, அதைத் திரும்ப வாங்க எத்தனை மாதச் சீட்டுப் பணம் கட்டவேண்டியிருந்தது; வேலைக்குப் போகமுடியாத நாட்கள் எத்தனை; கிராம உத்தியோகத்தர் எதைப் பதிந்தார், எதை விட்டார். பக்கத்து வீடுகளிலும் அப்படியே எழுதி, பிரதி ஒன்றைப் பிரதேச செயலகத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மூலப்பிரதி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். சிங்கள அயலவர்களின் குறிப்புகளையும் சேர்த்தால் நல்லது. வெள்ளம் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகத்தான் வந்தது.

உங்கள் கடிதத்தில், முதல் வெள்ளத்தின் இரவைப் பற்றி உம்மா சொன்னதாக நீங்கள் எழுதிய நீண்ட பத்தியை இங்கே வெளியிடவில்லை. அதை வெளியிடலாமா, தம் பெயரோடா பெயரில்லாமலா என்பதை அவரிடமே கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்.