கடலில் நீச்சலா அடித்தார்கள்?

கேள்வி: சாலொமோன் ஆலயத்தில் 'வெண்கலக் கடல்' என்ற பெரிய தண்ணீர்த் தொட்டி 2000 குடம் பிடிக்கும் என்கிறது பைபிளின் இராஜாக்கள் புத்தகம், 3000 என்கிறது நாளாகமம். குறுக்களவு 10 முழம், சுற்றளவு 30 முழமாம், 31.4 வர வேண்டும் என்பது பள்ளிப் பையனுக்கும் தெரியும். இவ்வளவு பெரிய தொட்டியில் ஆசாரியர்கள் நீச்சலா அடித்தார்கள்?

பதில்: ஏறினால்தானே நீச்சல்! தொட்டியின் உயரமே 5 முழம், அதாவது இரண்டு மீட்டருக்கு மேல். அதுவும் தரையில் இல்லை, திசைக்கு மூன்றாக நின்ற 12 வெண்கலக் காளைகளின் முதுகில் இருந்தது. தண்ணீரை எப்படி எடுத்தார்கள் என்று இராஜாக்களும் சொல்லவில்லை, நாளாகமமும் சொல்லவில்லை. ஆசாரியர்கள் கழுவிக்கொள்ள அது, பலிப் பொருள்களை அலசச் சக்கரம் வைத்த வண்டிகள்மேல் இருந்த பத்துச் சின்னத் தொட்டிகள் என்று நாளாகமம் பிரித்துச் சொல்வதோடு சரி.

கணக்குக்கு வருகிறேன். அரைகுறையாகப் போட்டுவிட்டு நிறுத்திவிட்டீர்களே. முழத்துக்கு 45 சென்டிமீட்டர், குடத்துக்குச் சுமார் 22 லிட்டர் என்று வைத்துப் பாருங்கள்: சுவர் நேராக நின்றாலும் 36,000 லிட்டரைத் தாண்டாது, 2000 குடத்துக்கே 44,000 வேண்டும். ஆக இரண்டு புத்தகமும் இடிக்கிறது. குறுக்களவு வெளிவிளிம்புக்கு, சுற்றளவு உள்விளிம்புக்கு, நடுவில் நாலு விரற்கடை கனம் என்று சமாளிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒட்டவில்லை. பத்து, முப்பது என்று முழு எண்ணாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அவ்வளவுதான். எழுதியவர் ஒப்பந்தக்காரருக்கு வரைபடம் கொடுக்கவில்லை.

இதைவிட எனக்குச் சுவாரசியம், ஆலயம் கட்டுவதற்கு முன் வழிபாட்டுக்கு இருந்த ஆசரிப்புக் கூடாரத்தின் தொட்டி. உடன்படிக்கைப் பெட்டிக்கும் மேஜைக்கும் பலிபீடத்துக்கும் முழக்கணக்கு சொல்லும் யாத்திராகமம், இந்தத் தொட்டிக்கு ஒரு அளவும் சொல்லவில்லை. வாசலில் ஊழியம் செய்த பெண்களின் வெண்கலக் கண்ணாடிகளைக் கொண்டு செய்தது என்கிறது. முகம் பார்த்த கண்ணாடி கைகால் கழுவும் தொட்டி ஆகிவிட்டது. ஆசாரியன் கூடாரத்துக்குள் போகுமுன்னும் பலிபீடத்தை நெருங்குமுன்னும் கையையும் காலையும் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் சாவு. கவனியுங்கள், இரத்தமும் கொழுப்புமாக வேலை பார்த்து முடித்தபின் கழுவச் சொல்லி அந்த இடத்தில் ஒரு வரி இல்லை. அழுக்குதான் விஷயமென்றால் அதைத்தானே முதலில் சொல்லியிருப்பார்கள்?

சாலொமோன் ஆலயம் அழிந்தபின் கட்டிய இரண்டாம் ஆலயத்தின் காலத்தில் இந்தக் கழுவும் விதி இன்னும் இறுகிப்போனது. பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியருக்கு ஐந்து முழுக்கு, பத்துமுறை கைகால் கழுவுதல் என்கிறது யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா. இரண்டே குழாய் இருந்த தொட்டிக்கு பென் காத்தின் என்பவர் 12 குழாய் வைத்தாராம். தண்ணீர் இராத்தங்கிச் சடங்குக்கு ஆகாததாகிவிடாமல் இருக்க ஒரு இயந்திரமும் செய்தாராம். மனுஷன் கெட்டிக்காரர்.

அப்புறம், உங்களுக்கு முரண்பாடுதான் வேண்டுமென்றால் நல்லதாக ஒன்று இருக்கிறது, கோட்டைவிட்டுவிட்டீர்கள். யூதாவின் ஆகாஸ் ராஜா, அசீரியாவுக்குக் கப்பம் கட்டிய கையோடு, அந்தக் கடலைக் காளைகள் மேலிருந்து இறக்கிக் கல்தளத்தில் வைத்துவிட்டான். கி.மு. 586 வாக்கில் பாபிலோன்காரர்கள் வந்து கடலை உடைத்து வெண்கலத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் கொண்டுபோன சாமான் பட்டியல் இராஜாக்களிலும் இருக்கிறது, எரேமியா புத்தகத்திலும் இருக்கிறது. இராஜாக்களின் பட்டியலில் காளைகள் இல்லை. எரேமியாவில் மட்டும், நூறு வருஷத்துக்கும் முன்பே கடலைச் சுமப்பதை விட்ட அந்த 12 காளைகளும் கடலுக்கு அடியில் மறுபடி வந்து நிற்கின்றன. அடுத்த கடிதத்தில் அதைக் கேளுங்கள்.