ஜெர்மனியில் வேலை: பிடித்தம் எங்கே போகிறது? (கடிதம்)

மதிப்பிற்குரிய ஐயா,

ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். மனைவி செவிலியர், மகளுக்கு நான்கு வயது. ஸ்டுட்கார்ட் அருகே ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்திருக்கிறது. துபாயில் இருக்கும் என் மைத்துனரோ, "சம்பளத்தில் பாதியை அங்கே பிடித்துக்கொள்வார்கள், இங்கே வந்துவிடு" என்கிறார். ஐரோப்பாவுக்குப் போவதில் உண்மையில் என்ன நன்மை?

எஸ்., ஓசூர்

அன்புள்ள எஸ்.,

பாதி என்பது மிகை. மனைவிக்கு வருமானம் இல்லாத காலத்தில் வரி வகுப்பை (குடும்ப நிலைக்கேற்ப மாதப் பிடித்தத்தைக் கணக்கிடும் பிரிவு) மாற்றிக்கொண்டால் பிடித்தம் இன்னும் குறையும். ஆயினும் சில ஆண்டுகளில் கடனை அடைத்துவிட்டு ஊர் திரும்புவதுதான் உங்கள் நோக்கம் என்றால், வருமான வரியே இல்லாத துபாய்க்குப் போங்கள் என்றே நானும் சொல்வேன்.

குடும்பத்தோடு வாழப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. ஜெர்மன் சம்பளச் சீட்டில் ஓய்வூதியத்துக்கு 9.3 சதவீதமும் வேலையின்மைக் காப்பீட்டுக்கு 1.3 சதவீதமும் பிடித்திருப்பார்கள். அதே அளவு தொகையை நிறுவனமும் தன் பங்காகக் கட்டுகிறது. மருத்துவக் காப்பீட்டிலும் ஏறத்தாழப் பாதி நிறுவனத்தினுடையது. அரசுக் காப்பீட்டில் சேர்ந்தால், வருமானமில்லாத மனைவியும் மகளும் தனிக் கட்டணமின்றி அதற்குள் வந்துவிடுவார்கள். நீங்கள் நோயுற்றால் ஆறு வாரம் வரை முழுச் சம்பளத்தை நிறுவனம் தரும். அதன் பிறகு காப்பீடு ஏறக்குறைய 70 சதவீதம் தரும். குழந்தைகளுக்கான உதவித்தொகை 2025இல் மாதம் 255 யூரோ.

ஜெர்மனியில் என்னுடன் பணிபுரியும் ஒருவர் கோடை விடுப்பின் நடுவே காய்ச்சலில் படுத்துவிட்டார். மருத்துவரின் சான்று காப்பீட்டு நிறுவனம் வழியாக மின்னணு முறையில் அலுவலகத்துக்கு வந்தது. படுத்திருந்த நாட்கள் அவருடைய விடுப்புக் கணக்கில் மீண்டும் வரவு வைக்கப்பட்டன. அந்த வாரம் முழுவதும் யாரும் அவரை அழைத்து, மடிக்கணினி கையில் இருக்கிறதா என்று கேட்கவில்லை. இது மேலாளரின் பெருந்தன்மை அன்று, விடுப்புச் சட்டத்தில் உள்ள உரிமை. நம் ஊரில் பத்து மணி நேரம் உழைத்துவிட்டு வீட்டிலும் தொலைபேசியை அணைக்க அஞ்சுகிற பொறியாளருக்கு இந்த ஒன்றே போதுமான காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பட்டம் பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான நீல அட்டை விசாவில் சென்றால், பி1 என்னும் இடைநிலை அளவுக்கு ஜெர்மன் தெரிந்தவர் 21 மாதங்களிலும், ஏ1 என்னும் தொடக்கநிலை அளவுக்கே தெரிந்தவர் 27 மாதங்களிலும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அதுவரை உங்கள் விசாவும் வேலையைச் சார்ந்ததுதான். ஸ்டுட்கார்ட் வட்டாரத்தின் வாகனத் துறையில் ஆட்குறைப்பு நடந்துவருகிறது. தகுதிகாண் காலம் பொதுவாக ஆறு மாதம். வேலையின்மை உதவித்தொகை பெறப் பன்னிரண்டு மாதச் சந்தா வேண்டும். எனவே முதல் ஓராண்டுக்குத் தாக்குப்பிடிக்கும் அளவு சேமிப்பு இல்லாமல் ஓசூர் வேலையை விடாதீர்கள்.

மனைவியின் வேலையைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே வேலை செய்ய அவருக்குத் தனி அனுமதி தேவையில்லை, ஆனால் செவிலியராகப் பணிபுரியப் பட்டத்துக்கு அங்கீகாரம் பெற வேண்டும். மொழியும் பெரும்பாலும் பி1க்கு அடுத்த பி2 நிலையில் கேட்கப்படுகிறது. பாடத்திட்ட மணி நேரச் சான்று, செவிலியர் மன்றப் பதிவு ஆகியவற்றை இப்போதே வாங்கி வைக்கட்டும், ஜெர்மன் வகுப்பிலும் சேரட்டும். அங்கே போய்த் தொடங்கலாம் என்று விட்டுவிட்டால், தேர்ந்த செவிலியர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் முடங்க நேரிடும். மகளுக்கு நான்கு வயது என்பது நல்ல நேரம்; மழலையர் பள்ளியிலேயே மொழி வந்துவிடும். அங்கே பள்ளி முடிக்கும் பிள்ளைக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம் இல்லை.

வாடகையை விசாரிக்கும்போது வெப்பமூட்டும் செலவும் சேர்ந்த தொகையைக் கேளுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், அந்த நிறுவனம் ஐஜி மெட்டல் தொழிற்சங்கத்தின் ஊதிய உடன்படிக்கைக்கு உட்பட்டதா என்றும் கேளுங்கள். உட்பட்டது என்றால் வாரத்துக்கு 35 மணி நேர வேலை, ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு. இல்லையென்றால், ஐந்து நாள் வேலை வாரத்துக்குச் சட்டம் உறுதிசெய்யும் விடுப்பு 20 நாள் மட்டுமே. மீதியை நீங்கள்தான் பேசிப் பெற வேண்டும்.