புதிதாகப் பழகுபவருக்கு எந்த லினக்ஸ்? – சில கேள்விகள், பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கு வழமையான ஆதரவு முடிந்துவிட்டது, வீட்டில் இருக்கிற லப்டொப் 11ஐ ஏற்காது, இனி என்ன செய்வது? விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்தான் லினக்ஸ், உபுண்டு, மின்ட் எல்லாம் அதன் வகைகள்.

மாதர் சங்கக் கணக்கு எழுதுகிற லப்டொப், 4 ஜிபி ராம். உபுண்டு, மின்ட், சோரின் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடலாம்? (ஒட்டுசுட்டான்)

லினக்ஸ் மின்ட், அதிலும் குறைந்த ராமிலும் ஓடுகிற எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. இடது மூலையில் மெனு, கீழே பட்டை, கோப்புகளைத் திறக்க இரண்டு கிளிக், விண்டோஸில் பழகிய கை தடுமாறாது. கணக்குக்கு லிப்ரே ஒபிஸ் கூடவே வரும், எக்செல் கோப்புகளும் அதில் திறக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் உண்டு.

ஆனால் ஊரில் ரீயூசன் நடத்துகிற தம்பிக்கு உபுண்டுதான் தெரியும் என்றால், யோசிக்காமல் உபுண்டுவைப் போடுங்கள். இரவு எட்டு மணிக்கு பிரிண்டர் அடிக்காமல் நின்றால் ஓடி வரப்போவது அவர்தான், நான் இல்லை.

எதுவானாலும் முதலில் பென் டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். மின்டின் தரவிறக்கம் கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், அதனால் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகிற யாரிடமாவது 8 ஜிபி பென் டிரைவ் ஒன்றைக் கொடுத்து ஏற்றுவித்து எடுங்கள். லப்டொப்பைப் போட்டவுடன் எஃப்12, சிலவற்றில் எஃப்9, தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். வைபை, சத்தம், பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள், அதுவரை உள்ளே இருக்கிற விண்டோஸுக்கு ஒன்றும் ஆகாது. நிறுவும்போது மட்டும் கவனம். "வட்டை அழித்து நிறுவு" என்பதை அவசரத்தில் அழுத்தி, ஒரு அன்ரியின் பேரனுடைய முதலாவது பிறந்தநாள் படங்கள் எல்லாவற்றையும் நான் தொலைத்திருக்கிறேன். அவர் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை.

அண்ணா வெளிநாடு போகும்போது விட்டுப்போன பழைய கொம்பியூட்டர், 1 ஜிபி ராம், 32 பிட். உயிர் கொடுக்கலாமா? (மல்லாவி)

கொடுக்கலாம், ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு வேண்டாம். மின்டின் முதன்மைப் பதிப்புகள் 2020 முதல் 64 பிட்டுக்கு மட்டும்தான், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸும் அதன் 13ஆம் பதிப்பில் 32 பிட் நிறுவியை விட்டுவிட்டது. அன்டிஎக்ஸ் என்ற இலகுவான லினக்ஸ் ஓடும்தான், ஆனால் இன்றைய இணையப் பக்கம் ஒன்றைத் திறந்தாலே 1 ஜிபி திணறிவிடும். அதற்குச் செலவழிக்கிற காசுக்கு வேறு 64 பிட் மெசின் ஒன்றைப் பார்த்து, அதற்கு எஸ்எஸ்டி என்ற வேகமான வட்டைப் போடுங்கள்.

எங்கள் கடிதங்கள் எல்லாம் பாமினியில். லினக்ஸுக்கு மாறினால் போச்சா? (புதுக்குடியிருப்பு)

போகாது. பாமினி என்பது ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்த எழுத்துரு, அவ்வளவுதான். அதன் கோப்பைப் பழைய கொம்பியூட்டரிலிருந்து கொண்டுவந்து இரண்டு கிளிக் கொடுத்து நிறுவினால், கடிதங்கள் லிப்ரே ஒபிஸில் தமிழாகவே திறக்கும். நிறுவாவிட்டால் ஆங்கில எழுத்துக் கஞ்சிதான் தெரியும், பயந்து அழித்துவிடாதீர்கள்.

புதிதாக எழுதுவதை மட்டும் யூனிகோடுக்கு, அதாவது எந்தக் கருவியிலும் தமிழாகவே தெரிகிற பொது எழுத்துமுறைக்கு, மாற்றுங்கள். பாமினியில் எழுதியது தேடலில் வராது, போனில் அனுப்பினால் வாசிக்க முடியாது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் அதன் எம்17என் தொகுப்பும் நிறுவினால், ரெங்கநாதன், தமிழ்99 என்ற இரண்டு தமிழ் விசைப்பலகை முறைகளும் கிடைக்கும். பாமினியில் பழகிய விரலுக்கு ரெங்கநாதன்தான் இலகு, ஒரு கிழமை தடுமாறுவீர்கள், பிறகு சரி.

வைரஸ் கார்ட் வாங்க வேணுமா? (நெடுங்கேணி)

வேண்டாம். இற்றைப்படுத்தல் வந்தால் தள்ளிப்போடாதீர்கள், கண்ட இடத்தில் கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு 70 வயது. கனடாவில் இருக்கிற அக்காவோடு முகம் பார்த்துக் கதைக்க வேணும், பேப்பர் வாசிக்க வேணும், வேறொன்றும் இல்லை. (பரந்தன்)

அவருக்கும் மின்ட்தான். முகப்புத் திரையில் மூன்றே மூன்று படங்கள் விடுங்கள்: பயர்பொக்ஸ், பேப்பர், அக்கா. அந்த "அக்கா" என்பது கூகுள் மீட்டுக்கு ஒரு குறுக்குவழி, அவர் அழுத்தினால் நேரே அறைக்குள் போகவேண்டும். எழுத்தின் அளவைப் பெருப்பித்து, கடவுச்சொல் கேட்காமல் உள்ளே போகிற மாதிரி விடுங்கள். மூடியின் உட்பக்கத்தில் ஒரு கடதாசியில் "சத்தம் கேட்காவிட்டால் இந்தப் பொத்தான்" என்று அம்புக்குறி போட்டு ஒட்டினால், உங்களுக்கு வருகிற அழைப்புகள் பாதியாகக் குறையும்.